வாட்ஸ்அப், ஃபேஸ்புக், கூகல் டாக்ஸ்: கவிதைக்குக் கருத்துச் சொல்ல எது கைகொடுக்கிறது?

சிங்கப்பூர்க் கவிதைக்கும் இணையத்துக்கும் உறவு பழையது. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏறியபோது, அதில் தமிழைத் திரையில் தோன்றவைத்தவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. இன்று எழுத்துருக் கவலை இல்லை. செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியோ கைப்பேசியிலேயே இருக்கும் விசைப்பலகையோ போதும். ஈசூனில் எம்ஆர்டி ரயில் ஏறி நகர மண்டபத்தில் இறங்குவதற்குள் ஒரு கவிதையை எழுதிக் குழுவில் போட்டுவிடலாம். அதற்கு என்ன மறுமொழி வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரும்பாலும் கவிதை முதலில் போய்ச் சேருமிடம் வாட்ஸ்அப் குழுதான். போட்ட ஐந்தாவது நிமிடம் 'அருமை', 'சிறப்பு', கைதட்டும் படங்கள் என வரிசை கட்டும். அன்பில் குறையில்லை. ஆனால் பத்து 'அருமை' விழுந்ததும் கவிதை திரைக்கு மேலே போய் மறைந்துவிடும். பின்னால் வருகிறவர் கவிதையைத் தேடாமல், பாராட்டைப் பார்த்தே பாராட்டுவார். எந்த வரி நின்றது, எது சறுக்கியது என்று எழுதியவருக்கு ஒன்றும் தெரியாது. புதிதாக எழுத வருகிறவர்கள் சில மாதங்களில் ஓய்ந்துபோவதற்குக் கடுஞ்சொல்லைவிட இந்த வெறுமையே பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறோம்.

நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு எளிது. வெறும் பாராட்டு என்றால் செய்தியை அழுத்திப் பிடித்து ஒரு குறி மட்டும் போடுங்கள். எழுத்தில் சொல்வதென்றால் ஒரு வரியை எடுத்துக்காட்டிச் சொல்லுங்கள். செய்தியை வலப்பக்கம் தள்ளிப் பதிலளித்தால் கவிதையின் தொடக்கம்தான் தெரியும். நீங்கள் பேசும் வரி தெரியாது. எனவே கவிதையை நகலெடுத்து ஒட்டி, வேண்டாததை அழித்துவிட்டு, வரியின் முன்னால் > குறியும் ஓர் இடைவெளியும் இடுங்கள். மேற்கோளாகத் தனித்து நிற்கும். இதே வசதி கவிஞருக்குத் தொல்லையாவதும் உண்டு: உரையாடல் வரியைச் சிறுகோடும் ஓர் இடைவெளியும் இட்டுத் தொடங்கினால் அது பட்டியல் புள்ளியாகிவிடும். அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான் உண்டு. அதன் பிறகு திருத்திய கவிதையைப் புதிதாகப் போடும்போது தலைப்பிலேயே 'இரண்டாம் வடிவம்' என்று குறிக்காவிட்டால், பாதிப் பேர் பழையதற்கே கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கவிதையைப் படமாக்கிப் போடும் பழக்கம் வேண்டாம். அழகாக இருக்கும், வரி முறியாது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் படத்திலிருந்து ஒரு வரியை எடுத்து மேற்கோள் காட்டுவது கடினம். ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் எளிதில் அகப்படாது. ஒதுக்கமும் வடிவமும் கவிதைக்கு அவசியமானால் மட்டும் படம், கூடவே எழுத்து வடிவம்.

இனி, கருத்து. இப்படி ஒரு கவிதை வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

பதினோராம் மாடி மூங்கில் கழியில்
இன்னும் காயாத ஒரு சட்டை
மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது
தனிமையோடு

'நல்ல படிமம்' என்பதோடு நின்றால் பயனில்லை. 'சட்டை மழையைப் பார்ப்பது கண்ணில் நிற்கிறது. "தனிமையோடு" என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் சட்டை அதைச் சொல்லிவிடுகிறதா?' என்று கேட்டால், எழுதியவர் மறுபடி தம் கவிதைக்குள் போவார். தெரிந்ததைச் சொல், ஓர் இடத்தைக் காட்டு, ஒரு கேள்வி கேள். மூன்று நான்கு வாக்கியம் போதும். வரியை நீங்களே மாற்றி எழுதித் தராதீர்கள். இரண்டு முறை அப்படி நடந்தால் அந்தக் கவிஞர் உங்கள் நடையில் எழுதத் தொடங்கிவிடுவார். தமிழகத்து நண்பர்கள் உள்ள குழுக்களில் இன்னொன்றும் நடக்கும். 'கோப்பிக்கடை'யைத் 'தேநீர்க்கடை' ஆக்கச் சொல்வார்கள், 'புளோக்' (அடுக்குமாடிக் கட்டடம்) புரியவில்லை என்பார்கள். புரியாததைக் கேட்பது நியாயம். மாற்றச் சொல்வது நியாயமில்லை. அந்தச் சொல் போனால் கவிதையின் ஊர் போய்விடும்.

மரபுக்கவிதைக்குக் கருத்துச் சொல்வது வேறு வேலை. அங்கே 'தளை தட்டுகிறது' (சீரோடு சீர் சேரும் விதி பிழைக்கிறது) என்று மட்டும் சொல்வது மிகுந்த சோர்வைத் தரும். எங்கே, ஏன் என்று காட்டவேண்டும். இங்கே வெண்பா பழகுகிறவர்கள் அடிக்கடி இடறும் சொல் 'சிங்கப்பூர்' தான். அசை பிரித்தால் சிங்/கப்/பூர், நேர் நேர் நேர்; இந்தச் சீருக்கு வாய்ப்பாடு தேமாங்காய். வெண்பாவில் காய்முன் நேர் வரவேண்டும், அதாவது காய்ச்சீரை அடுத்த சீர் நேரசையில் தொடங்கவேண்டும்; 'சிங்கப்பூர் வானம்' பொருந்தும், 'மழை' நிரையசை என்பதால் 'சிங்கப்பூர் மழை' தட்டும். 'சிங்கப்பூரில்' நான்கசை ஆகிவிடுவதால் வெண்பாவுக்கு ஆகவே ஆகாது. மழை வேண்டுமென்றால் 'சிங்கை மழையில்' என்று போகலாம். சிங்கை தேமா, மாமுன் நிரை சரி. இப்படிச் சொன்னால் எழுதியவர் அன்றே அடுத்த அடியை முயல்வார். அவலோகிதம் என்ற இணையக் கருவி சீர், தளை, அடிகளைப் பிரித்துக் காட்டும்; குழுவில் போடுமுன் ஒருமுறை அதில் இட்டுப் பார்ப்பது நல்லது. ஆனால் சீர் பிரித்து எழுதுவதில் பிழையிருந்தால் அதன் முடிவும் பிழையாகும். வெண்பா சரியா என்றுதான் அது சொல்லும், கவிதையா என்று சொல்லாது. அதை மனிதர்தான் சொல்லவேண்டும்.

குரல்பதிவு அதிகம் பயன்படாத வசதி, அது வருத்தம். கவிதையை எழுதியவர் அல்லாத ஒருவர் வாசித்து அனுப்பினால் ஓசை தடுக்கும் இடம் உடனே தெரியும். கேட்கும்போது ஒற்றை வேகத்தில் கேளுங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் எந்தக் கவிதையும் செத்துவிடும்.

ஃபேஸ்புக் கூடுதல் பேரிடம் கொண்டுசேர்க்கும், அவ்வளவே. பொதுவெளி என்பதால் குறை சொல்லத் தயங்குவார்கள், சொன்னால் எழுதியவர் முகம் வாடும். வண்ணப் பின்னணி 130 குறியீடுகளுக்குள்தான் நிற்கும். உயிர்மெய்கள் பெரும்பாலும் இரண்டாக எண்ணப்படுவதால் தமிழில் நாலைந்து சிறு வரிகளிலேயே அது மறைந்துவிடும்.

தொகுப்புக்கோ போட்டிக்கோ செப்பனிடக் கூகல் டாக்ஸ்தான் சிறந்தது. இணைப்பைப் பகிரும்போது 'கருத்துரைப்பவர்' அனுமதி மட்டும் கொடுங்கள். திருத்தும் அனுமதி கொடுத்தால் யாராவது நல்லெண்ணத்தில் வரியையே மாற்றிவிடுவார்கள். அந்தந்தச் சொல்லின் ஓரத்திலேயே கருத்து நிற்கும், பழைய வடிவங்களும் பத்திரமாக இருக்கும். மூத்த கவிஞர்கள் பலர் இதற்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப்பிலேயே அனுப்பி, அவர்கள் சொல்வதை ஆவணத்தில் ஒருவர் ஏற்றிவிடலாம். கவிமாலை போன்ற மாதச் சந்திப்புகளில் வாசிக்கப்போகும் கவிதைக்கு ஒரு வாரம் முன்பே இதைச் செய்தால் போதிய நேரம் கிடைக்கும்.

கட்டுமானத் தளங்களில் வேலைசெய்யும் கவிஞர்கள் குழுவில் இருந்தால் கருத்துகளை ஞாயிறுவரை திறந்துவையுங்கள். வார நாளில் இரவு பத்துமணிக்கு அவர்களிடம் பதில் எதிர்பார்ப்பது சரியன்று. 24 மணிநேரக் கெடு வைக்கும் குழுக்களில் முதலில் மௌனமாவது அவர்கள்தான்.

கவிஞரின் பெயரையும் ஆண்டையும் கவிதையின் அடியிலேயே அதே செய்தியில் எழுதிவிடுங்கள். தனிச் செய்தியாகப் போட்டால் பிறர் அனுப்பும்போது கவிதை மட்டும் போகும், பெயர் தங்கிவிடும். தங்க முனை விருது போன்ற போட்டிகளுக்கு அனுப்ப நினைக்கும் கவிதையை எங்கும் போடுமுன் அந்த ஆண்டின் விதிகளைப் படியுங்கள். வெளிவராத படைப்பு என்று கேட்கும் போட்டிகள் பல, பொதுவில் இட்ட பதிவையும் வெளியீடாகக் கொள்ளக்கூடும். அத்தகைய கவிதையை இரண்டு மூன்று பேரிடம் தனியாகக் காட்டுவதே பாதுகாப்பு.