ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ்: பொருளறிவியலாளரின் மேற்கோள் கணக்கை எதில் பார்ப்பது?

உலோகம், பீங்கான் போன்ற பொருட்களை ஆராயும் ஒரே பொருளறிவியலாளரின் எச்-இன்டெக்ஸை, கட்டுரைகளின் மேற்கோள்களை எண்ணும் மூன்று இணையத் தளங்களில் ஒரே நாளில் பார்த்தால் மூன்று எண்கள் வரும். பொதுவாக கூகுள் ஸ்காலரில் அதிகம், ஸ்கோபஸில் குறைவு, வெப் ஆஃப் சயின்ஸில் இன்னும் கொஞ்சம் குறைவு. 2005இல் இயற்பியலாளர் ஹொர்கே ஹிர்ஷ் சொன்ன கணக்குதான் எல்லா இடத்திலும்: தலா 20 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 20 இருந்தால் எண் 20. எதை மேற்கோளாக எண்ணுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஒருவரின் ஸ்காலர் எண்ணையும் இன்னொருவரின் ஸ்கோபஸ் எண்ணையும் பக்கத்தில் வைக்கும் அட்டவணையைத் தேர்வுக் குழு தூக்கிப் போட்டுவிடலாம்.

ஸ்காலர் பெரிய வலை. ஆய்வேடு, இதழில் வருமுன் வெளியிடும் முன்பதிப்பு, புத்தகம், காப்புரிமை எல்லாம் மாட்டும். உலோகக்கலவை, பூச்சு என்று தொழிற்சாலைப் பக்கம் வேலை செய்பவருக்கு இது நியாயம். அவரைக் காப்புரிமைகள் மேற்கோள் காட்டுவது இங்கே தெரியும். ஆனால் காவலாள் கிடையாது. ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இல்லாத ஒருவர் பெயரில் ஆறு போலிக் கட்டுரைகளை இணையத்தில் ஏற்றியே 774 மேற்கோள்களைக் கூட்டிக் காட்டினார்கள். சுயமேற்கோளைக் கழிக்கும் வசதியும் இல்லை. சுயவிவரத்தில் கட்டுரைகள் தானாகச் சேரும் அமைப்பை நிறுத்தி, மின்னஞ்சலில் வந்த பிறகு ஒப்புதல் தரும்படி மாற்றுவதே முதல் வேலை. இல்லாவிட்டால் அதே பெயர்க்காரரின் மருத்துவக் கட்டுரையும் வந்து உட்காரும். மேற்கோள் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், வேறு பதிவுகளின் மேற்கோளும் அதில் கலந்திருக்கலாம். திறந்து பார்க்க வேண்டும்.

ஸ்கோபஸில் இதழ்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறார்கள். கருத்தரங்கக் கட்டுரைகளும் கணிசமாக உண்டு. ஆளைத் தேடிப் பார்க்கச் சந்தா தேவையில்லை. ஆண்டுவாரியான மேற்கோள் அலசலுக்குத்தான் தேவை. அந்த அலசலில் ஆசிரியரின் சொந்த மேற்கோளை மட்டும் நீக்கலாம், அல்லது இணை ஆசிரியர்கள் எல்லாருடையதையும் நீக்கலாம். இரண்டாவதைத்தான் அழுத்த வேண்டும். மாதிரி தயாரித்தவர், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர், கணினிக் கணக்குப் போட்டவர் என்று ஒரு கட்டுரையில் பத்துப் பேர் இருக்கும் துறை இது. முதலாவதை மட்டும் நீக்கினால் குழுவுக்குள் சுற்றும் மேற்கோள்கள் அப்படியே நிற்கும்.

ஸ்கோபஸின் தொல்லை பெயர். தமிழர்களுக்கு இது இரட்டிப்பு. எஸ். குமார் ஒரு கட்டுரையில் குமார் எஸ்., அடுத்ததில் சுப்பிரமணியன் குமார், இதழின் படிவம் குடும்பப்பெயர் கேட்டதால் இன்னொன்றில் குமார் சுப்பிரமணியன். ஒரே ஆள் மூன்று ஆசிரியர் எண்களாகச் சிதறிவிடுவார், எச்-இன்டெக்ஸும் உடைந்துபோகும். மறுபக்கம், வேறொரு எஸ். குமாரின் கட்டுரைகள் இவர் கணக்கில் சேரும். மூன்று சுயவிவரங்களையும் தேர்ந்தெடுத்து இணைக்கச் சொல்லி விண்ணப்பித்து, ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண்ணான ஆர்கிட்டோடு கோத்து, அடுத்த கட்டுரையிலிருந்து ஒரே வடிவத்தில் பெயரை எழுதுவதுதான் மருந்து.

வெப் ஆஃப் சயின்ஸ் 1964இல் யூஜின் கார்ஃபீல்டு தொடங்கிய மேற்கோள் அட்டவணையின் வாரிசு. வடிகட்டல் கடுமை, பழைய இதழ்களில் பலம். ஆனால் தேடலில் என்ன வரும் என்பது நூலகச் சந்தாவைப் பொறுத்தது. 1990 முதல்தான் சந்தா என்றால் 1984இல் வந்த கட்டுரை கண்ணிலேயே படாது. ஆசிரியர் இல்லை என்று முடிவு கட்டுமுன் சந்தாவின் தொடக்க ஆண்டைப் பாருங்கள். இதில் மற்ற இரண்டிலும் இவ்வளவு கச்சிதமாக இல்லாத ஒரு வசதி, மேற்கோள் குறிப்புத் தேடல். தொகுதி எண்ணோ பக்க எண்ணோ தவறாக அச்சானதால் கணக்கில் ஏறாத மேற்கோள்கள் அங்கே தனி வரிகளாக நிற்கும். திருத்தக் கோரினால் சேர்த்துக்கொள்வார்கள்.

எந்தத் தளமானாலும் எச்-இன்டெக்ஸுக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. ஒழுங்கு இருந்தும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராத படிகமான குவாசிகிரிஸ்டலை அறிவித்த ஷெக்ட்மன் குழுவின் 1984 கட்டுரை 2011 நோபல் பரிசுக்கு வழி திறந்தது. எத்தனை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் எச்-இன்டெக்ஸில் அது கூட்டுவது அதிகபட்சம் ஒன்று. எதிர்ப்பக்கம், பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீள்பார்வைக் கட்டுரை நாலு எழுதினால் எண் சரசரவென்று ஏறும். ஸ்கோபஸில் ஆவண வகையில் மீள்பார்வையை விலக்கிவிட்டு எண்ணிப் பாருங்கள். சிலருக்கு நன்றாகவே இறங்கும்.

துறைவாரியாகச் சீர்செய்த ஸ்கோபஸ் மேற்கோள் அளவுகோலில் (FWCI) உலகச் சராசரி 1.00. ஒரே துறை, ஒரே ஆண்டு, ஒரே வகைக் கட்டுரைகளோடு ஒப்பிடுவதால் மீள்பார்வையின் சலுகை இதில் எடுபடாது. ஆனால் இதுவும் சராசரிதான். ஒன்பது கட்டுரைகள் 0.5, ஒன்று மட்டும் 20 என்றால் விடை 2.45. கட்டுரை எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழே என்றால் நான் இதை நம்புவதில்லை; இடைநிலை மதிப்பைக் கேட்பேன்.

பதவி உயர்வு விண்ணப்பத்துக்கு ஸ்கோபஸ் எண்ணை, சுயமேற்கோள் நீக்கி, எடுத்த தேதியோடு எழுதுங்கள். காப்புரிமைத் தாக்கத்தைக் காட்ட மட்டும் ஸ்காலர். 1990க்கு முந்தைய வேலை இருப்பவருக்கு வெப் ஆஃப் சயின்ஸ், அதுவும் முழுச் சந்தா உள்ள நூலகத்தில்.