லஸ்ஸில் தொடங்கிப் பரங்கிமலையில் முடிந்த அரை நாள்

அப்பாவின் ஞானஸ்நானச் சீட்டில் 'மயிலாப்பூர் மறைமாவட்டம்' (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், ஆளுகைக்கு உட்பட்ட பகுதி) என்று அச்சடித்திருக்கும். மூன்றரை வயது இளையவரான சித்தப்பாவின் சீட்டில் 'சென்னை-மயிலாப்பூர்'. இருவரும் ஒரே சாந்தோம் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். இடையில் ஒரு கோடு எப்படி வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. போன சனிக்கிழமை அது விளங்கியது.

சென்னையின் பழைய கிறிஸ்தவக் கோவில்களுக்கு வேனில் கூட்டிப்போகும் அரை நாள் சுற்று இது. தலைக்கு 900 ரூபாய், மொத்தம் எட்டுப் பேர். வழிகாட்டி ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். பாதை வசதியைப் பார்க்காமல் காலவரிசைப்படி கூட்டிப்போகிறார். பெட்ரோல் அதிகம் ஆகும், ஆனால் கதை புரிகிறது.

முதலில் லஸ் காட்டுக்கோவில். 1516 என்று சொல்லும் கல்வெட்டைக் காட்டினார். இங்கே இருபது நிமிடம் போதவே இல்லை. அடுத்து சாந்தோம். 155 அடி கோபுரத்தோடு இப்போதுள்ள கட்டடம் 1896-இல் எழுந்தது. மறைமாவட்டமோ 1606-இலேயே வந்துவிட்டது. அப்போது ஆங்கிலேயரின் ஜார்ஜ் கோட்டையே கிடையாது. ஆயரை முன்மொழியும் உரிமை போர்த்துக்கல் அரசரிடம் இருந்தது. எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான்.

அர்மேனியன் தெரு அந்தோணியார் கோவிலில்தான் வழிகாட்டி உண்மையிலேயே பேச ஆரம்பித்தார். பர்மாவின் பெகுவுக்குப் போகக் கிளம்பிய எஃப்ரேம் என்ற பிரெஞ்சு கப்புச்சின் சபைத் துறவியை 1642-இல் ஆங்கிலேயர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். கோட்டையில் இருந்த கத்தோலிக்கர்களுக்கு, போர்த்துக்கீசியருக்குக் கட்டுப்படாத ஒரு சாமியார் வேண்டும் என்று ஆங்கிலேயர்கள் நினைத்தார்கள். சாந்தோம்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1649-இல் எஃப்ரேமைப் பிடித்து கோவாவில் இருந்த, மதக் குற்றங்களை விசாரிக்கும் திருச்சபை மன்றத்துக்கு (இன்குவிசிஷன்) அனுப்பிவிட்டார்கள். இதைக் கேட்டதும் அப்பா, "நம்ம சாமியாரையா?" என்றார், நேற்று நடந்தது போல.

எஃப்ரேம் தொடங்கிய, போர்த்துக்கல் அரசர் வழியாக இல்லாமல் ரோம் நேரடியாக நடத்திய அந்தப் பணி 1832-இல் தனி ஆட்சிப்பகுதியாகி, 1886-இல் சென்னை உயர்மறைமாவட்டமாக வளர்ந்தது. சாந்தோமில் ஓர் ஆயர், பாரிமுனைப் பக்கம் ஒரு பேராயர். 1952 நவம்பரில்தான் இரண்டும் ஒன்றாயின. அப்பா பிறந்தது 1950, சித்தப்பா 1954.

அப்பா சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். நாலாக மடித்து மடித்து மடிப்பில் நூலாகிவிட்ட காகிதம். வழிகாட்டி கைக்குட்டையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். எங்கள் குழுவில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

கடைசியாகப் பரங்கிமலை. பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வியாபாரி கட்டிக்கொடுத்த படிகள் இருக்கின்றன; முட்டிவலிக்காரர்களுக்காக வேனை மேலே வரைக்கும் கொண்டுபோனார்கள். பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து வெட்டிய சிலுவையை அப்பா வெகுநேரம் பார்த்தார். இந்த மலை 2002 முதல் செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் சேர்ந்தது என்பதும் அங்கேதான் தெரிந்தது.

குறை என்றால், காலை ஏழரைக்குக் கிளப்பியவர்கள் ஒன்றரை மணி வரை ஒரு டீக்குக்கூட நிறுத்தவில்லை. சர்க்கரை நோயாளிகள் பிஸ்கட் எடுத்துப்போங்கள். செவ்வாய்க்கிழமை கிளம்பாதீர்கள், அந்தோணியார் கோவிலில் கூட்டம் நிற்க விடாது.

அடுத்த மாதச் சுற்றுக்குச் சித்தப்பாவுக்கும் இடம் சொல்லிவிட்டேன். அவருடைய சீட்டையும் மறக்காமல் கொண்டுவரச் சொன்னார் வழிகாட்டி.