ஏற்காடு ஏறும்போது மட்டும் மிஸ் அடித்த காரும் ஒரு புளூடூத் ஸ்கேனரும்

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஓபிடி ஸ்கேனர் இது. காரில் செருகினால், எஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த எரர் கோடுகளை போனில் காட்டும். விலைக்கு நல்ல சாமான்தான். ஆனால் எஞ்சினில் என்ன கோளாறு என்று அதுவே சொல்லிவிடும் என நம்பி வாங்காதீர்கள். எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது சரியாக எரியவில்லை என்று சொல்லும். ஏன் என்பதை நாம்தான் தேட வேண்டும்.

என் பெட்ரோல் கார் சேலம் டவுனுக்குள் சமத்தாக ஓடும். அடிவாரம் தாண்டி கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததும் இரண்டாவது கியரில் உதற ஆரம்பிக்கும். ஏசி போட்டால் இன்னும் மோசம். ஒரு சர்வீஸ் சென்டரில் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்றார்கள். இஞ்செக்டர் கிளீனிங்குக்கு பில் மட்டும் வந்தது. மேட்டில் எஞ்சினுக்கு லோடு ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், ஸ்பார்க் தாண்ட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். அந்த வோல்ட்டேஜை பிளக்குக்குத் தருவது இக்னிஷன் காயில். சோப்ளாங்கி காயில் அங்கேதான் கைவிடும். சமதரையில் ஓட்டிப் பார்த்தால் எப்படித் தெரியும்?

ஸ்கேனரைச் செருகிவிட்டு மலை ஏறினேன். இருபது வளைவில் பாதி தாண்டுவதற்குள் செக் எஞ்சின் விளக்கு சிமிட்டியது. (சிமிட்டினால் ஆக்சிலேட்டரைத் தளர்த்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும், அது பெரிய செலவு.) ஓரமாக நிறுத்திப் பார்த்தால் பி0303 என்ற எரர் கோடு, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ். எரர் கோடு விழுந்த நேரத்து ஆர்பிஎம், லோடு, எஞ்சின் சூடு எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவில் இருந்தது. இந்த ஒரு பக்கத்துக்கே காசு சரியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து எஞ்சின் ஆறியதும் மூன்றாவது காயிலை இரண்டாவதில் மாட்டி, எரர் கோடை அழித்துவிட்டு மறுபடி ஏறினேன். இந்த முறை பி0302. கோளாறு காயிலோடு இடம் மாறிவிட்டது. கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், ரப்பர் உறையின் உள்பக்கம் பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கரிக்கோடு. கரண்ட் ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாக நழுவியிருக்கிறது. புதுக் காயில் போட்டதும் உதறல் நின்றது. எரர் கோடு இடம் மாறாமல் இருந்திருந்தால் அடுத்து பிளக், அப்புறம் இஞ்செக்டர், கடைசியாக கம்ப்ரஷன் டெஸ்ட் என்று பார்த்திருக்க வேண்டும்.

பி0300 வந்தால் கதையே வேறு. குறிப்பிட்ட சிலிண்டர் இல்லை. அப்போது லைவ் டேட்டாவில் ஃப்யூயல் ட்ரிம் பாருங்கள், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு. ஐடிலில் பிளஸ்ஸில் எகிறி, ரைஸ் செய்தால் இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது.

குறைகளும் உண்டு. பெட்டியில் 1.5 வெர்ஷன் என்று போட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் இஎல்எம்327 சிப்பின் அசல் கம்பெனி அப்படி ஒரு வெர்ஷனே விட்டதில்லை, இது நகல். அடிக்கடி இணைப்பு அறுந்துபோகிறது. ஐபோனுக்கு இந்த மாடல் ஆகாது, வைஃபை மாடலைப் பாருங்கள். 2013 ஏப்ரலுக்கு முந்தைய கார் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள், ஓபிடி-2 கட்டாயமானது அதற்குப் பிறகுதான். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், செருகியே கிடந்தால் பேட்டரியைக் குடிக்கும்.