பர்ச்சேஸ் வேலைக்கு ரோபோ: பில்லில் ஆரம்பியுங்கள், ஆர்டரில் வேண்டாம்

பர்ச்சேஸில் சாஃப்ட்வேர் ரோபோ போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். தாராளமாகப் போடலாம், ஆனால் பிஓ (சப்ளையருக்குக் கொடுக்கும் பர்ச்சேஸ் ஆர்டர்) போடும் வேலையை முதலில் அதனிடம் கொடுக்காதீர்கள், சப்ளையர் பில்லை ஏற்றும் வேலையைக் கொடுங்கள். நான் கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் நடுத்தர அளவு கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸில் இருக்கிறேன். எங்களிடம் ரோபோ வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. விற்க வந்தவர்கள் டெமோவில் காட்டியது ஒன்று, தினசரி வேலையில் உண்மையில் பயன்பட்டது வேறு ஒன்று. அதைத்தான் விவரமாகச் சொல்லப் போகிறேன்.

புதியவர்களுக்காக ஒரு வரி. இது இயந்திரம் இல்லை, ஒரு புரோகிராம். அதற்கென்று தனி யூசர் ஐடி இருக்கும், அதை வைத்து ஈஆர்பியில், அதாவது கம்பெனியின் ஸ்டாக், ஆர்டர், கணக்கு எல்லாம் இருக்கும் சாஃப்ட்வேரில், லாகின் செய்யும், மெயிலைத் திறக்கும், பிடிஎஃப்பைப் படிக்கும், கிளார்க் டைப் செய்யும் அதே கட்டங்களில் டைப் செய்யும். யூஐபாத், ஆட்டோமேஷன் எனிவேர், புளூ பிரிசம் ஆகியவை பெரிய பெயர்கள். மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப்பை 2021 முதல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கூடுதல் காசு இல்லாமலே பயன்படுத்த முடிகிறது, சின்ன கம்பெனிகள் முயற்சி செய்து பார்க்க அது போதும். ஆனால் இலவசமாகக் கிடைப்பதில் ஆள்தான் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குத் தானாக எழுந்து ஓட வேண்டுமென்றால் கட்டண லைசென்ஸ் வேண்டும்.

டெமோவுக்கு வருபவர்கள் எல்லோரும் காட்டுவது ஒரே காட்சிதான். எக்செலில் இண்டென்ட் (என்ன வாங்க வேண்டும் என்ற கோரிக்கை) இருக்கும், ஒரு பட்டனை அழுத்தினால் திரையில் கட்டங்கள் தானாக நிரம்பும், ஒரு நிமிடத்தில் பிஓ ரெடி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பர்ச்சேஸில் உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்குத் தெரியும், பிஓ டைப் செய்வதில் நேரம் போவதில்லை. கொட்டேஷன் வாங்குவதில், ரேட் பேசுவதில், மேலே ஒப்புதல் வரும்வரை காத்திருப்பதில், டெலிவரிக்குத் துரத்துவதில்தான் நாள் போகிறது. அந்த நாலில் எதையும் ரோபோ குறைக்கவில்லை. ரேட் காண்ட்ராக்ட் போட்டு வைத்திருக்கும் சில்லறைச் சாமான்களுக்கு மட்டும், அதாவது ஆயில் சீல், ஓ-ரிங், இன்செர்ட், கையுறை, காட்டன் வேஸ்ட் மாதிரியானவற்றுக்கு, ஸ்டாக் குறைந்தவுடன் அதுவே பிஓ போட்டு மெயில் அனுப்பிவிடுகிறது. அது உதவிதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அந்த உதவி கிடைப்பதற்கு முன்னால் ஐட்டம் மாஸ்டரை, அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் கோடு நம்பர் கொடுத்து வைத்திருக்கும் பட்டியலை, சுத்தம் செய்தாக வேண்டும், அதைக் கொட்டேஷனில் யாரும் எழுதுவதில்லை. எங்கள் ஈஆர்பியில் ஒரே பேரிங் மூன்று கோடில் இருந்தது. ஒன்றில் "6205 இசட்இசட்", இன்னொன்றில் "பேரிங் 6205-2இசட்", மூன்றாவதில் "25x52x15 ஷீல்டட்". பிராண்டுக்குப் பிராண்டு எழுதும் முறை மாறுகிறது, பொருள் ஒன்றுதான். ஸ்டோர்ஸில் இருபது வருடம் இருந்தவருக்குப் பார்த்தவுடன் தெரியும். ரோபோவுக்குத் தெரியாது, ஒரு கோடில் ஸ்டாக் பூஜ்யம் என்றால் பக்கத்து ரேக்கில் இருநூறு பேரிங் கிடந்தாலும் அது ஆர்டர் போடத்தான் செய்யும். இதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆனது, அதுவும் சாஃப்ட்வேர் ஆள்களால் இல்லை, எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணன் ஒருவர் தினமும் மதியத்துக்கு மேல் பட்டியலோடு உட்கார்ந்ததால். ரோபோவே வாங்காவிட்டாலும் அந்த வேலை செய்யவேண்டிய வேலைதான் என்பது என் கருத்து.

சரி, பில்லுக்கு வருகிறேன். இங்கேதான் கொடுத்த காசு திரும்பி வந்தது.

முன்பு பில் வருவது இரண்டு வழியில். பெரிய சப்ளையர்கள் மெயிலில் பிடிஎஃப் அனுப்புவார்கள், சின்னவர்கள் சரக்கோடு வண்டி டிரைவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பில்லை பிஓவோடும் ஜிஆர்என்னோடும் (சரக்கு வந்ததற்கு ஸ்டோர்ஸ் போடும் ரசீது) ஒப்பிட்டு, மூன்றும் ஒத்துப்போனால் ஈஆர்பியில் ஏற்ற வேண்டும். ஏற்றுவது சலிப்பான வேலை என்பதால் டிரேயில் சேரும், மாதக் கடைசியில் ஒரேயடியாக ஏற்றுவார்கள். ரோபோவுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது பிடிஎஃப்பிலிருந்து எழுத்தைப் படித்து ஏற்றும் வேலையை. அது சுமாராகத்தான் போனது. 8 ஒரு பி ஆகும், பில் நம்பரில் இருக்கும் பூஜ்யம் ஓ ஆகும், சீல் குத்திய இடத்தில் தொகை மறையும்.

நிலைமையை மாற்றியது இ-இன்வாய்ஸின் க்யூஆர் கோடு. 2023 ஆகஸ்ட் 1 முதல், வருட விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் கம்பெனிகளுக்குப் போடும் பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்து, அது தரும் க்யூஆரோடுதான் கொடுக்க வேண்டும். அந்த க்யூஆருக்குள் விற்பவர் ஜிஎஸ்டி எண், வாங்குபவர் ஜிஎஸ்டி எண், பில் நம்பர், தேதி, மொத்தத் தொகை, எத்தனை ஐட்டம், முக்கியமான ஐட்டத்தின் எச்எஸ்என் (பொருளின் வரி வகை எண்), ஐஆர்என் (போர்ட்டல் தரும் பில் பதிவு எண்) எல்லாம் இருக்கிறது, டிஜிட்டல் கையெழுத்தோடு. ரோபோ எழுத்தை ஊகிக்கத் தேவையில்லை, க்யூஆரைப் படித்தால் போதும். ஒவ்வொரு ஐட்டத்தின் ரேட்டும் அளவும் மட்டும் க்யூஆரில் கிடையாது, அதைப் பிடிஎஃப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் எடுத்த ஐட்டத் தொகைகளைக் கூட்டிப் பார்த்து க்யூஆரில் உள்ள மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போனால் ஏற்று, இல்லையென்றால் ஆளிடம் தள்ளு. இந்த ஒரு விதியைப் போட்டதிலிருந்து தவறாக ஏறிய பில் என்று அக்கவுண்ட்ஸிலிருந்து போன் வருவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

5 கோடிக்குக் கீழே இருக்கும் சின்ன சப்ளையர் பில்லில் க்யூஆர் இருக்காது. அங்கே கணக்கைத் திருப்பிப் போட்டோம். பிஓ ரேட்டும் ஜிஆர்என் அளவும் நம்மிடமே இருக்கிறது, ஜிஎஸ்டி விகிதமும் தெரியும், ஆக பில் எவ்வளவு வர வேண்டும் என்பதை ரோபோ முதலிலேயே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும். பில்லிலிருந்து நம்பர், தேதி, மொத்தம் ஆகியவற்றையும் சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணையும் மட்டும் எடுக்கும். மொத்தம் ஒரு ரூபாய்க்குள் ஒத்துப்போனால் ஏற்றும். ஜிஎஸ்டி எண்ணின் பதினைந்தாவது எழுத்து முந்தைய பதினாலை வைத்துக் கணக்கிட்டு வருவது, அதனால் ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்தாலும் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

இதில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்றால், டிரேயில் கிடக்கும் பில் ஒரு காகிதம் மட்டும் இல்லை. எங்கள் ஊர் கணபதியிலோ பீளமேட்டிலோ நாலு லேத் வைத்து ஜாப் வொர்க் செய்பவருக்கு அது அடுத்த வாரக் கூலி. "சார், நம்ம பில்லு என்னாச்சுங்க, பாஸ் ஆயிருச்சுங்களா?" என்று அவர் கேட்கும்போது, இன்னும் ஏற்றவே இல்லை என்று சொல்வது கஷ்டமாக இருக்கும். 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி இப்படிப்பட்ட சிறு சப்ளையருக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. சட்டம் இப்படி இருந்தும் பல வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2024 ஏப்ரலிலிருந்து வருமானவரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்த பிறகுதான், குறு சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது, எப்போது தருகிறோமோ அப்போதுதான் கழிக்கலாம் என்று ஆனது. ஆடிட்டர்கள் விழித்துக்கொண்டார்கள். இந்த நாள் கணக்கு ஓடுவது சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, நாம் பில்லை ஏற்றிய நாளிலிருந்து இல்லை. டிரேயில் கிடக்கும் நாளெல்லாம் அதில் சேரும்.

இப்போது தினமும் காலையில் ரோபோ ஒரு பட்டியல் அனுப்புகிறது. எந்தெந்தச் சிறு சப்ளையருக்கு எத்தனை நாள் ஆகிவிட்டது, எது எங்கே நிற்கிறது என்று. உத்யம் சான்றிதழில் (இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு அரசு தரும் பதிவு) உற்பத்தியா, சேவையா, வியாபாரமா என்பதையும் சப்ளையர் பட்டியலான வெண்டர் மாஸ்டரில் குறித்து வைத்திருக்கிறோம், வாங்கி விற்கும் டிரேடர்களுக்கு இந்த விதி பொருந்தாது என்பதால். ரோபோ செய்யும் எல்லா வேலையிலும் எதை வைத்துக்கொள்வாய் என்று கேட்டால் இந்தப் பட்டியலைத்தான் சொல்வேன்.

மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் அரசுக்குக் காட்டிய பில்களின் பட்டியல்) வந்ததும் நம் கணக்கோடு ஒப்பிடும் வேலையும் அதனிடம்தான். போர்ட்டலில் கேப்ட்சா இருப்பதால் ஆள்தான் உள்ளே போய் ஃபைலை இறக்க வேண்டும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். கேப்ட்சாவையும் தாண்டித் தருகிறோம் என்று சொல்லி வருபவர்களிடம் போகவே போகாதீர்கள்.

ஒத்துவராத இடமும் உண்டு. ஃபவுண்டரிக்கு நாங்கள் பிஓ போடுவது எண்ணிக்கையில், காஸ்டிங் (வார்ப்பு) பில் வருவது கிலோவில். எடை ஒவ்வொரு லாட்டுக்கும் கொஞ்சம் மாறும். எவ்வளவு வித்தியாசம் வரை விடலாம் என்பது அந்த பாகத்தையும் அந்த ஃபவுண்டரியையும் தெரிந்தவர் முடிவெடுக்க வேண்டியது. ரோபோவுக்கு ஏதோ ஒரு சதவீதத்தை வரம்பாகக் கொடுத்துப் பார்த்தோம், பாதிக்கு மேல் திருப்பி அனுப்பியது. காஸ்டிங் பில் முழுவதையும் ஆளிடமே விட்டுவிட்டோம். தாமிரக் கம்பியும் அப்படித்தான், உலோகச் சந்தை விலையோடு மாதாமாதம் ரேட் மாறுவதால்.

பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈஆர்பியில் அப்டேட் வந்து ஒரு கட்டம் இடம் மாறினால் ரோபோ நின்றுவிடும். அதன் யூசர் ஐடிக்குப் பாஸ்வேர்டு காலாவதியானாலும் நின்றுவிடும். எஸ்ஏபி என்ற ஈஆர்பி வைத்திருப்பவர்கள் திரை வழியாக ஓட்டுவதென்றால் ஸ்கிரிப்டிங்கை (வேறு புரோகிராம் திரையை இயக்க விடும் வசதி) திறந்துவிடச் சொல்ல வேண்டும், இயல்பாக அது மூடித்தான் இருக்கும். நேரடி இணைப்பு தரும் ஈஆர்பி என்றால் திரையைத் தொடாமல் அந்த வழியில் போவதே நல்லது. எது நின்றாலும் அந்த நொடியின் திரையைப் படம் பிடித்து அனுப்பும்படி கட்டாயம் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் திங்கட்கிழமை காலை என்ன ஆனது என்று தேடுவதிலேயே போய்விடும்.

விதிகள் யார் கையில் இருக்கின்றன என்பது இதைவிடப் பெரிய விஷயம். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதம் மாறியது நினைவிருக்கும். 12, 28 ஆகிய படிகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5-க்கும் 18-க்கும் போயின. எங்கள் பேக்கிங் அட்டைப்பெட்டி 12-லிருந்து 5-க்கு வந்தது. பழைய வரியோடு திறந்து கிடந்த பிஓக்களை மாற்றாவிட்டால் புதிதாக வரும் பில் ஒவ்வொன்றும் ஒத்துப்போகாமல் நின்றிருக்கும். எச்எஸ்என் வாரியாக வரிப் பட்டியலை எக்செலில் தனியாக, பர்ச்சேஸ் ஆளே திருத்தும்படி வைத்திருந்ததால், பட்டியலை மாற்றினோம், ரோபோ ஒரே ராத்திரியில் பிஓக்களை மாற்றியது. அந்த விகிதங்கள் புரோகிராமுக்குள் எழுதப்பட்டிருந்தால் வெளியே இருக்கும் டெவலப்பருக்காகக் காத்திருக்க வேண்டி வந்திருக்கும்.

இன்னொன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றும் அதிகாரம் ரோபோவின் ஐடிக்கு இருக்கக் கூடாது. "எங்கள் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று சப்ளையர் பெயரில் வரும் மோசடி மெயில் எல்லா ஊரிலும் சுற்றுகிறது. தெரிந்த நம்பருக்கு ஆள் போன் செய்து கேட்ட பிறகுதான் மாற்ற வேண்டும். அப்புறம், பில்லை ஏற்றும் ஐடியே பணத்தை விடுவிக்கும் ஐடியாகவும் இருக்கக் கூடாது, இது மனிதருக்கு உள்ள விதிதான், ரோபோ என்பதற்காகத் தளர்த்தச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆள் குறைப்பு நடந்ததா என்று கேட்பார்கள். எங்களிடம் நடக்கவில்லை. பில் ஏற்றிக்கொண்டிருந்த பெண் ஒருவர் இப்போது ஒத்துப்போகாமல் நிற்கும் பில்களைப் பார்க்கிறார், சப்ளையரோடு நேரடியாகப் பேசுகிறார், எந்த ஃபவுண்டரியின் எடை ஏன் கூடுகிறது என்று இப்போது அவரிடம்தான் நான் கேட்கிறேன். நிர்வாகம் ஆள் குறைக்கும் கணக்கில்தான் வாங்குகிறது என்றால், நிற்கும் பில்களைப் பார்க்க யாரும் இல்லாமல் டிரேக்குப் பதில் மெயில் பெட்டியில் அவை சேரும், அவ்வளவுதான்.

இந்த வருடமும் லைசென்ஸைப் புதுப்பிக்கிறோம். பிஓ பக்கத்துக்கு இரண்டாவது லைசென்ஸ் எடுக்கச் சொல்லி விற்பனையாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்தப் பணத்தில் ஸ்டோர்ஸ் வாசலில் ஒரு நல்ல ஸ்கேனர் வைத்தால், டிரைவர் கொண்டுவரும் பில் இறக்கிய அன்றே உள்ளே வந்துவிடும்.