கொழும்பு வீட்டுக்கு எந்தக் கன்ட்ரோலர்? ஈஎஸ்பி32, ஆர்டுயினோ, ராஸ்பெரி பை, குட்டி பிஎல்சி

வீட்டு லைட்டுகளையும் தண்ணீர் மோட்டரையும் தானாக இயங்க வைக்க என்ன போர்ட் வாங்கலாம் என்று கேட்டால், கேட்கப்படுகிற ஆளைப் பொறுத்துப் பதில் மாறும். பல்கலைக்கழக மாணவர் வைஃபையோடு வரும் மலிவுப் போர்டான ஈஎஸ்பி32 என்பார். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர் பிஎல்சி (தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோலர்) இல்லாமல் மோட்டரில் கை வைக்காதே என்பார். கொம்பியூட்டர் பிரியர் ராஸ்பெரி பை ஒன்றே போதும் என்பார். மூவரும் வேகத்தையும் மெமரியையும் வயர் பூட்டும் பின்களின் எண்ணிக்கையையும் வைத்துத்தான் வாதாடுவார்கள். எனக்கு அவை இரண்டாம் பட்சம். கரண்ட் போய்த் திரும்பி வந்த முதல் இரண்டு நிமிடத்தில் அந்தச் சாமான் என்ன செய்யும் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்த அளவு வெட்டு இல்லாத காலத்திலும் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமுழக்கத்தோடு கரண்ட் போவது கொழும்பில் புதிதல்ல. கரண்ட் திரும்பும்போது வீட்டில் ஒருவரும் இல்லாமல் இருக்கலாம், அல்லது பிள்ளைகள் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்க, வயதான அம்மா அப்பா மட்டும் இருக்கலாம்.

ஈஎஸ்பி8266, ஈஎஸ்பி32

விலையில் இவற்றை வெல்ல ஆள் இல்லை. ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014இல் ஈஎஸ்பி8266ஐ வெளியிட்டது. 2016இல் ஈஎஸ்பி32 வந்தது. இரண்டிலும் வைஃபை உள்ளேயே இருக்கிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். ஈஎஸ்பி32இல் 240 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் இரட்டை கோர், புளூடூத், கூடுதல் பின்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலக்ட்ரோனிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். சி மொழி தெரியாதவருக்கும் கவலையில்லை: டாஸ்மோட்டா அல்லது ஈஎஸ்பிஹோம் என்ற ரெடிமேட் சொஃப்ட்வெயரை ஏற்றிவிட்டால் கோட் எழுதாமலே வேலை நடக்கும்.

ஆனால் கரண்ட் வரும் நேரத்தில் இவற்றின் குணம் கொஞ்சம் வேறு. ஈஎஸ்பி8266இல் எல்லாப் பின்னும் ஒன்றல்ல. ஜிபிஐஓ (பின்களுக்கு இட்ட பெயர்) 0, 2, 15 ஆகிய மூன்றும் போர்ட் எப்படி பூட் ஆக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறவை. ஜிபிஐஓ 16, பூட் ஆகும்போது சற்று நேரம் ஹையாக, அதாவது வோல்டேஜோடு, நிற்கும். இவற்றில் ரிலேயை (போர்டின் சொல்லுக்கு லைட்டையோ மோட்டரையோ போட்டு நிறுத்தும் ஸ்விட்ச்) பூட்டினால் கரண்ட் வந்ததும் ரிலே ஒரு முறை டக்கென்று அடிக்கும், சிலவேளை போர்டே எழும்பாது. லைட் என்றால் கண் சிமிட்டல். மோட்டர் என்றால் ஒரு உதறல். ஈஎஸ்பி8266 பூட்டிய நோட்எம்சியு போர்டில் டி1, டி2 என்று அச்சிட்ட இரண்டும், அதாவது ஜிபிஐஓ 5, 4, ரிலேக்குப் பாதுகாப்பானவை. ஈஎஸ்பி32இல் 34 முதல் 39 வரை உள்ளவை இன்புட் மட்டும். ரிலே பூட்ட முடியாது.

அடுத்தது செட்டிங். டாஸ்மோட்டா வழக்கமாக ரிலேயைக் கடைசியாக இருந்த நிலைக்கே கொண்டுபோகும். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனால், வந்ததும் மோட்டர் ஓடும். 'பவர்ஓன்ஸ்டேட் 0' என்று கொடுத்தால்தான் நின்றபடி எழும்பும். ஈஎஸ்பிஹோமில் இன்னொரு பொறி: வீட்டுச் சாமான்களை ஒன்றாக நடத்தும் ஹோம் அசிஸ்டன்ட் சொஃப்ட்வெயரோடு தொடர்பு 15 நிமிடம் கிடைக்காவிட்டால் போர்ட் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் கொம்பியூட்டர் செத்துப்போன வீட்டில் கால் மணிக்கொரு முறை ரிலே விழுந்தெழும்பும் மர்மத்துக்கு இதுதான் காரணம். இரண்டையும் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம், ஆனால் மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே.

நேரமும் ஒரு சிக்கல். இந்தப் போர்டுகளில் பட்டரியோடு கூடிய மணிக்கூடு கிடையாது. இன்டர்நெட்டிலிருந்து நேரத்தை எடுக்கும். ரவுட்டர் எழும்பும்வரை மணி என்னவென்றே தெரியாது. டிஎஸ்3231 என்ற சின்ன மணிக்கூட்டு மொடியூலைச் சேர்த்தால் தீரும். 2022இல் பலர் வாங்கிவைத்த ரவுட்டர் யூபிஎஸ் இன்னும் வேலை செய்தால் அதுவும் உதவும். (சூரியன் மறையும் நேரத்துக்கு லைட் போட விசேஷ ஏற்பாடு வேண்டும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். கொழும்பில் வருடம் முழுவதும் பார்த்தாலும் அந்த நேரம் முக்கால் மணித்தியாலம்கூட மாறாது. 6 மணிக்குப் போடு என்றால் போதும்.)

ஆர்டுயினோ யூனோ

படிக்க அருமையானது, வீட்டில் பூட்ட அவ்வளவு பொருந்தாது. யூனோ ஆர்3இல் 16 மெகாஹெர்ட்ஸ், 2 கிலோபைட் ரேம், 14 டிஜிட்டல் பின், வைஃபை இல்லை. வைஃபைக்குத் தனி மொடியூல் வாங்கினால், அந்தக் காசுக்கு முதலிலேயே ஈஎஸ்பி32 வாங்கியிருக்கலாம். ஃபோன் வேண்டாம், தாங்கி நிரம்பினால் மோட்டர் நின்றால் போதும் என்கிறவருக்கு மட்டும் இது நல்லது: 5 வோல்ட் போர்ட் என்பதால் சாதாரண ரிலே போர்டுகளோடு சண்டை போடாது, யாருக்காகவும் காத்திருக்காமல் ஓடத் தொடங்கும்.

ராஸ்பெரி பை

இது கன்ட்ரோலர் அல்ல, கொம்பியூட்டர். வீட்டின் தலையாக இருக்கலாம், கையாக இருக்கக்கூடாது. லினக்ஸ் பூட் ஆகும்வரை உங்கள் ரிலேயைப் பார்க்க அதற்கு நேரமில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்டி கார்ட் பழுதாகும் ஆபத்தும் உண்டு. ஹோம் அசிஸ்டன்ட் ஓட்ட பை 4 நன்றாகவே போதும். அதற்கும் கார்டும் நல்ல 5 வோல்ட் 3 அம்பியர் சப்ளையும் பெட்டியும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 'மலிவு' எங்கே போயிற்று என்று தோன்றும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் கிடைக்கிற பழைய லப்டொப் ஒன்று, பட்டரி கொஞ்சம் தாங்கினால், என் கணக்கில் இதைவிட நல்லது. யூபிஎஸ் உள்ளேயே இருக்கிறதே.

குட்டி பிஎல்சி

1960களின் முடிவில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளின் ரிலே பலகைகளுக்குப் பதிலாக வந்தது பிஎல்சி. அதனால்தான் அதன் லேடர் என்ற புரோகிராம் மொழி ரிலே வயரிங் படம் போலவே இருக்கிறது. தெஹிவளையில் ஒரு வீட்டில் ஈஎஸ்பி போர்டைப் பார்த்த வயரிங் பாஸ், "தம்பி, நீங்க வெளிநாடு போனா இதை யார் பார்க்கிறது?" என்று கேட்டார். ஈஎஸ்பியைப் பற்றி நான் கேட்ட மிக நியாயமான குறை அதுதான். லேடர் படத்தையோ, டின் ரெயில் என்ற உலோகப் பட்டியில் வரிசையாக நிற்கிற திருகாணி முனைகளையோ காட்டினால் அவர் தானே பிடித்துக்கொள்வார்.

வீட்டு அளவுக்கு சீமென்ஸ் லோகோ நல்ல உதாரணம். அடிப்படை மொடியூலில் 8 இன்புட், 4 ரிலே அவுட்புட். ரிலே ஒவ்வொன்றும் ஹீட்டர் போன்ற சுமைக்கு 10 அம்பியர், மோட்டர் போன்ற சுமைக்கு 3 அம்பியர் தாங்கும். மணிக்கூடு கரண்ட் இல்லாமல் ஏறத்தாழ 20 நாள் ஓடும். திரையுள்ள மொடலில் பட்டனை அமுக்கியே புரோகிராம் எழுதலாம். கரண்ட் வந்ததும் யாரையும் தேடாமல் வேலையைத் தொடங்கும். குறை ஒன்றே, விலை: ஒரு லோகோவின் காசுக்கு ஒரு கைப்பை நிறைய ஈஎஸ்பி32 வாங்கலாம். வாங்குவதென்றால் 230 வோல்ட் மொடலை விட்டு 12/24 வோல்ட் மொடலை எடுங்கள். 230 மொடலின் இன்புட்டும் 230 வோல்ட்தான். தண்ணீர் மட்டத்தை அறியத் தாங்கித் தண்ணீருக்குள் தொங்கும் ஃப்ளோட் ஸ்விட்சுக்கு அந்த வயரைக் கொண்டுபோக எனக்கு மனம் வராது.

டெல்டா டிவிபி வரிசை இன்னொரு வழி. சொஃப்ட்வெயர் இலவசம், ஆர்எஸ்485 வயரில் மொட்பஸ் (கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் முறை) கதைக்கும். ஆனால் லோகோ அளவுக்கு வீட்டுக்காரருக்கு இலகுவல்ல. மிட்சுபிஷியின் எஃப்எக்ஸ் பிஎல்சியைப் பார்த்துச் செய்த சீனப் போர்டுகள் மிக மலிவு. அவற்றை ஓட்ட மிட்சுபிஷியின் சொஃப்ட்வெயர் வேண்டும், அதற்கு லைசன்ஸ் வேண்டும், கையேடோ பேருக்குத்தான் இருக்கும். பழகிப் பார்க்க வாங்கலாம். அம்மா வீட்டு மோட்டருக்குப் பூட்டமாட்டேன்.

நான் எப்படிப் பிரிப்பேன்

பிழை வந்தால் எரிச்சல் மட்டும் தருகிற வேலைகள் ஈஎஸ்பிக்கு: லைட், ஃபேன், கேற் லைட், வெப்பநிலை சென்சர். பிழை வந்தால் வீடு நனையும் அல்லது எரியும் வேலைகள் பிஎல்சிக்கு, அதாவது பெரும்பாலும் தண்ணீர் மோட்டருக்கு. கீழ்த்தொட்டியில் ஒரு ஃப்ளோட், மேல் தாங்கியில் ஒரு ஃப்ளோட், அதற்கு மேல் 'அரை மணிக்கு மேல் ஓடினால் நிறுத்து' என்ற ஒரு டைமர். அந்தக் கால அளவை உங்கள் தாங்கி நிரம்பும் நேரத்தைப் பார்த்து வையுங்கள். புதிய லோகோ 8கள் மொட்பஸ் டிசிபி, அதாவது வீட்டு நெட்வேர்க் வழியாக மொட்பஸ், கதைப்பதால் ஹோம் அசிஸ்டன்ட் அதை வாசிக்கும்; லண்டனில் இருக்கிற மகளும் தாங்கி நிலையைப் பார்க்கலாம். பார்ப்பது வைஃபையில், முடிவெடுப்பது பிஎல்சியில்.

லோகோவுக்குக் காசு போதாதா? ஈஎஸ்பியே இருக்கட்டும், ஆனால் மோட்டருக்கு முன்னால் ஒரு கொன்டாக்டரும் (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே) அதோடு தொடரில் சாதாரண ஃப்ளோட் ஸ்விட்சும் கட்டாயம். நீல நிறச் சின்ன ரிலேயில் '10 அம்பியர்' என்று எழுதியிருப்பதை நம்பி ஒரு குதிரைவலு மோட்டரை நேரடியாகப் பூட்டாதீர்கள். ஓடும்போது ஐந்தாறு அம்பியர் எடுக்கும் மோட்டர், தொடங்கும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் ஃபோனில் 'ஓஃப்' என்று காட்டும், மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஷெல்லி, சோனொஃப் போன்ற ரெடிமேட் மொடியூல்கள் பற்றியும் கேட்பீர்கள். வாடகை வீட்டுக்கும் வெள்ளவத்தை ஃபிளட்டுக்கும் அவையே சரி. அங்கே மோட்டர் பொதுவானது, உங்கள் தலையிடி அல்ல. வாங்க முன் ஸ்விட்ச் பெட்டியைத் திறப்பித்துப் பாருங்கள். பல பழைய வீடுகளில் அதற்குள் நியூட்ரல் வயர் வராது, இந்த மொடியூல்களில் பலதுக்கு அது வேண்டும். கடற்கரைப் பக்கம் என்றால் எதை வாங்கினாலும் மூடிய பெட்டிக்குள் வையுங்கள், உப்புக்காற்று திறந்த போர்டை விட்டுவைக்காது. 230 வோல்ட் வேலையை மெயினை இறக்கி, தெரிந்த ஆளைக் கொண்டு செய்விக்க வேண்டும்; பக்கத்திலேயே கன்ட்ரோலரைத் தாண்டி மோட்டரைக் கையால் போட ஒரு சாதா ஸ்விட்சும் வைக்கச் சொல்லுங்கள், அதன் மேல் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டிவிடுங்கள்.