கார்னர் பந்தயம்: 640 பவுண்டை விழுங்கிய கணிப்புச் சந்தை

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டங்களில் கார்னர் எண்ணிக்கைக்கு எந்தக் கணிப்புச் சந்தை நல்ல விலை தருகிறது என்று ஒப்பிட்டு எழுதுவதாக லண்டன் நண்பர்கள் சிலரிடம் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை 640 பவுண்டு போன பிறகு ஒப்பீடாவது, மண்ணாவது! இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்த்ததில்தான் வினையே தொடங்கியது என்பதால் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பணத்தை விழுங்கிய தளத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் அடுத்த வாரமே வேறு பெயரில் வந்து நிற்பார்கள். அடையாளம் சொல்கிறேன்: ஸ்டேபிள்காயின் (டாலர் போன்ற பணத்தின் மதிப்போடு கட்டப்பட்ட கிரிப்டோ நாணயம்) மட்டும் வாங்கும், அலுவலகம் எந்த நாட்டில் என்று சொல்லாத, டெலிகிராமில் தமிழ்க் குழு வைத்திருக்கும் கணிப்புச் சந்தை. அந்தக் டெலிகிராம் குழுவில் இருப்பவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும்.

கணிப்புச் சந்தையில் ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பங்குகள் உண்டு. நடந்தால் ஒரு ‘ஆம்’ பங்குக்கு 100 சென்ட், நடக்காவிட்டால் பூஜ்யம். பிரீமியர் லீக்கில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தை ஒட்டித்தான் கார்னர் கிடைக்கும், அதனால் 10.5க்கு மேலா (அதாவது 11 அல்லது அதிகமா), கீழா என்ற கோட்டில்தான் பெரும்பாலும் பந்தயம் நடக்கும். அன்றைய ஆட்டத்தில் 10.5க்கு மேல் என்பதற்கு, பிரிட்டனில் உரிமம் பெற்ற பந்தயப் பரிமாற்றத் தளம் (பந்தயக்காரர்கள் ஒருவருக்கொருவர் எதிராகப் போடும் இடம்) ஒன்றில் 46 சென்டுக்குச் சமமான விலை. அமெரிக்கச் சந்தை ஒன்றிலும் ஏறக்குறைய அதே விலைதான், ஆனால் இங்கிருப்பவர்களுக்கு அங்கே கணக்கு இல்லை. நான் மேலே அடையாளம் சொன்ன இந்த மூன்றாவது தளத்தில் மட்டும் 40.

மலிவு மட்டும் இல்லை, விதியும் தாராளமாக இருந்தது. உரிமம் பெற்ற இடங்களில் பொதுவாக, நடுவர் வழங்கியும் அடிக்கப்படாத கார்னர் கணக்கில் சேராது. இங்கே விதிப் பக்கத்தில் ‘வழங்கப்பட்ட கார்னர்கள்’ என்றே இருந்தது. வழங்கப்பட்டதெல்லாம் சேரும் என்றால் எண்ணிக்கை கூடத்தான் வாய்ப்பு. அப்படியானால் ‘ஆம்’ பங்கின் விலையும் கூடத்தானே வேண்டும், ஏன் குறைந்திருக்கிறது? இதைக் குழு நிர்வாகியிடம் நேரடியாகவே கேட்டேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: “புதிய தளம் அண்ணா, வாங்குவோர் இன்னும் குறைவு, அதனால்தான் மலிவு. அடிக்காத கார்னரும் கண்டிப்பாகச் சேரும். நானே போட்டிருக்கிறேன், நம்பிப் போடுங்கள்.” சுத்தமான தமிழ், மரியாதையான பேச்சு, கேட்ட கேள்விக்கு நேரான பதில். வாங்கிவிட்டேன். 640 பவுண்டு. வென்றிருந்தால் 1,600.

ஆட்டம் முடியும் நேரத்தில் பத்துக் கார்னர்கள் ஆகியிருந்தன. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் ஒரு ஷாட் தடுப்பாட்டக்காரர் காலில் பட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே போனது. துணை நடுவர் கொடியை மூலையை நோக்கிக் காட்டினார். விங்கர் ஓடிப்போய்ப் பந்தை மூலை வளைவுக்குள் வைத்து, கையை உயர்த்தினார். நடுவர் விசில் ஊதினார். அடிப்பதற்கு இல்லை, ஆட்டத்தை முடிப்பதற்கு. இதில் நடுவர்மேல் குற்றமில்லை. நேரம் முடிந்தாலும் அடித்தே தீர வேண்டும் என்று கால்பந்து விதிகளில் ஏழாம் விதி சொல்வது பெனால்டிக்கு மட்டும்தான். கார்னரை அடிக்க விடலாம், விடாமலும் இருக்கலாம்.

அந்த விசிலுக்கு முன்பே, கொடி மூலையைக் காட்டிய உடனேயே, ‘ஆம்’ பங்கு 96க்கு ஏறியது. அந்தச் சந்தையில் இருந்த அத்தனை பேரும் விதியை என்னைப் போலவேதான் படித்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஒரே ஒரு கணக்கைத் தவிர. எல்லோரும் பார்க்கக்கூடிய வர்த்தகப் பட்டியலில், அந்த நேரத்தில் ஒரே கணக்கு ‘இல்லை’ பங்கை 4 சென்டுக்கு அள்ளியிருக்கிறது. சற்று நேரத்தில் சந்தை மூடப்பட்டது. விதிக்குக் கீழே ‘விளக்கம்’ என்று புதிதாக ஒரு வரி முளைத்தது: அடிக்கப்பட்ட கார்னர்கள் மட்டுமே. தீர்வு, ‘இல்லை’. அந்த நாலு சென்டுக்காரருக்கு 100. எனக்குப் பூஜ்யம்.

அரட்டைப் பெட்டியில் கேட்டால், “உங்கள் பொறுமைக்கு நன்றி” என்று இயந்திரம் சொல்கிறது. யார் பொறுமையாக இருந்தது? பிறகு மனிதர் ஒருவர் வந்தார். “எங்கள் தரவு நிறுவனத்தின் எண்ணிக்கையே இறுதியானது” என்றார். எந்த நிறுவனம் என்று கேட்டேன். தரவு நிறுவனங்கள் கிடைத்த கார்னரையும் அடித்த கார்னரையும் தனித்தனியாகக் குறித்து வைக்கின்றனவே, அதில் எது என்று கேட்டேன். உரையாடலை மூடிவிட்டார். தீர்வை மறுத்து முறையிட வழி இருக்கிறதாம். அதற்கு 500 டாலர் முன்பணம் கட்ட வேண்டும், தளத்தின் டோக்கன் (அது வெளியிடும் கிரிப்டோ நாணயம்) வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போடுவார்கள், தோற்றால் அந்தப் பணமும் போய்விடும். ‘இல்லை’ பங்கை அள்ளியவரிடம் டோக்கன் இருந்தால் அவரும் ஓட்டுப் போடலாமா என்று கேட்டேன். “விதிகளைப் பார்க்கவும்” என்று ஒரு சுட்டி வந்தது. எந்த விதி, பழையதா, புதியதா?

நம் ‘அண்ணா’ போட்ட தம்பி என்ன ஆனார்? “அண்ணா, நான் வெறும் குழு நிர்வாகிதான். தளத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை.” அன்றிரவே அவர் எனக்கு எழுதிய பழைய பதில் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. மறுநாள் நானே நீக்கப்பட்டிருந்தேன். தானும் போட்டதாகச் சொன்னாரே, அவருக்கும் பணம் போயிற்றா என்று கேட்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

வங்கியையும் விடவில்லை. பிரிட்டனில் ஏமாற்றிப் பணம் அனுப்பவைத்தால் வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபரில் வந்தது நினைவில் இருந்தது. ஆனால் நான் அனுப்பியது என் பெயரிலேயே உள்ள கிரிப்டோ கணக்குக்கு. “உங்கள் பணத்தை உங்கள் கணக்குக்கே அனுப்பியிருக்கிறீர்கள், சார்” என்று தொலைபேசியில் அந்தப் பெண் நிதானமாக விளக்கினார். ஸ்டேபிள்காயின் மட்டும் ஏன் வாங்குகிறார்கள் என்பது இப்போது நன்றாகவே விளங்குகிறது.

பெரிய ஆலோசனைக் கட்டுரை எழுதும் நிலையில் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்.

பணம் கட்டுவதற்கு முன் பிரிட்டனின் சூதாட்ட ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் தளத்தின் பெயரைத் தேடுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் அனுமதி, தீவு ஒன்றில் அனுமதி என்று அடிப்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் இங்கே செல்லாது. உரிமம் உள்ள தளம் 2019 முதல், நீங்கள் விளையாடும் முன்பே வயதையும் அடையாளத்தையும் சரிபார்த்தாக வேண்டும். ஒன்றும் கேட்காமல் பணத்தை வாங்கிக்கொள்கிறார்களா, அங்கேயே தெரிந்துவிடும். தகராறு வந்தால், உரிமம் உள்ளவர்கள் இலவசமாக வெளி மத்தியஸ்தரிடம் போக வழி தர வேண்டும். முன்பணம் கேட்க மாட்டார்கள்.

விதிப் பக்கத்தைத் தேதியும் நேரமும் தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். என்னிடம் பழைய விதியின் படமும், அந்த நிர்வாகியின் பதிலும் இருக்கின்றன. ஆணையத்துக்கு அனுப்பியிருக்கிறேன், அவர்கள் தனிநபர் பணத்தை மீட்டுத் தருவதில்லை என்று தெரிந்தேதான் அனுப்பினேன். அதே ஆட்டத்தில் அதே சந்தையில் இழந்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் வர்த்தக விவரத்துடன் எனக்கு எழுதுங்கள், சேர்த்தே அனுப்பலாம். அந்த 4 சென்டுக் கணக்கின் முகவரியும் என்னிடம் இருக்கிறது.