காளான் தொழில்: டர்பனில் விற்பதா, வெளிநாட்டுக்கு அனுப்புவதா?

டர்பன் பக்கம் காளான் தொழில் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஏற்றுமதியைப் பற்றித்தான். அந்த ஆசையில் தப்பில்லை. நாங்கள் இருக்கும் வெருலத்திலிருந்து கிங் ஷாகா விமான நிலையம் பக்கம்தான், துறைமுகம் அரை மணி நேரம். நானும் அதே ஆசையோடுதான் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டேன். ஆனால் எந்தக் காளான், பச்சையாகவா உலர்த்தியா, யாருக்கு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் ஏற்றுமதியை மட்டும் தனியாகப் பேச முடியாது.

முதலில் காளான். சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் வெள்ளை மொட்டு, பழுப்பு மொட்டு, அகலமான போர்ட்டபெல்லோ மூன்றும் ஒரே இனம்தான். தென்னாப்பிரிக்காவில் காளான் என்றால் பெரும்பாலும் இதைத்தான் வாங்குகிறார்கள், அதனால் வாடிக்கையாளருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. சிறு விவசாயிக்கு அதில் இருக்கும் ஒரே வசதி அதுதான். வைக்கோலையும் கோழி எருவையும் கலந்து இரண்டு மூன்று வாரம் மக்கவைத்து, அப்புறம் 60 டிகிரி அளவில் சூடேற்றினால்தான் மொட்டு வளரும் உரம் தயாராகும். அம்மோனியா வாடை தெருவுக்கே அடிக்கும். காளான் வரும் நாட்களில் அறை 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்க வேண்டும். டர்பன் கோடையில் அதற்கு இரவும் பகலும் குளிர்சாதனம் ஓட வேண்டும். 2023-ன் மின்வெட்டை அனுபவித்த யாரும் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதே மொட்டைப் பெரிய பண்ணைகள் டன் கணக்கில் இறக்குகின்றன. அவர்களோடு விலையில் மோத நம்மால் ஆகாது.

சிப்பிக் காளான் நம் ஊருக்கு ஏற்றது. 20 முதல் 30 டிகிரி வரை தாங்கும் வகைகள் உண்டு. கடற்கரையின் ஈரப்பதம் பாதி வேலையைச் செய்துவிடும். பாலித்தீன் பையில் வைக்கோலையும் காளான் விதையையும் அடுக்கிப் படுக்கை போட்டால் மூன்று வாரத்தில் வெள்ளையாகப் படர்ந்து, நாலாவது வாரத்தில் பறிக்கலாம். ஒரு கிலோ காய்ந்த வைக்கோலோ கரும்புச் சக்கையோ போட்டால் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை காளான் எதிர்பார்க்கலாம்.

1860-ல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களைக் கரும்பு வேலைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்தக் கரும்பின் சக்கையில் காளான் முளைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது. ஆனால் சக்கை சும்மா கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஆலைகள் அதையே கொதிகலனில் எரிக்கின்றன. இன்னொன்று, சக்கையில் மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தேடிப் பச்சைப் பூசணம் வரும். என் இரண்டாவது தடவையில் அவசரப்பட்டு, பூசணத்தைக் கொல்லச் சக்கையை வெந்நீரில் வைக்கும் நேரத்தைக் குறைத்தேன். நாற்பது பைகளும் பச்சையாகிப் போயின. இப்போது சக்கையை நன்றாக அலசி, 70 டிகிரி வெந்நீரில் முழுதாக இரண்டு மணி நேரம் வைக்காமல் விதை போடுவதில்லை. அப்புறம் முகமூடி. சிப்பிக் காளான் உதிர்க்கும் வித்துத் தூளை நாள்தோறும் சுவாசித்தால் நுரையீரல் கெடும். இதில் அலட்சியம் வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பால் காளானைச் சொல்வார்கள். நல்ல காளான்தான், பறித்த பிறகு சில நாள் தாங்கும். ஆனால் அது 30 டிகிரிக்கு மேல் கேட்கிறது. இங்கே குளிர்காலத்தில் நின்றுவிடும். விதையை ஊரிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவரவும் கூடாது, இறக்குமதி அனுமதி வேண்டும்.

மழைக்காலத்தில் சாலையோரம் விற்கும் அமகோவேயைப் பற்றியும் கேட்கிறார்கள். நம் புற்றுக் காளானின் சொந்தம் அது. என் மாமியார் அதைக் குழம்பு வைத்தால் அன்றைக்கு வீட்டில் வேறு கறி தேவைப்படாது. ருசியில் நான் வளர்க்கும் எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. கறையான் தன் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து வருவதால் அதைக் கொட்டகையில் வளர்க்க முடியாது. காட்டில் பொறுக்கி விற்பவர்களின் வருமானம் அது. அவர்களிடம் வாங்கிச் சாப்பிடுவோம்.

சரி, ஏற்றுமதிக்கு வருவோம். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். விமானத்தில் அனுப்பினால் தண்ணீருக்குத்தான் சரக்குக் கூலி கட்டுகிறோம். சிப்பி, குளிரில் வைத்தாலும் ஒரு வாரம் தாங்குவது கஷ்டம். அதனால் எல்லோரும் உலர்த்தியதற்குத் தாவுகிறார்கள். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. பத்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்ந்தது. பச்சை கிலோ 100 ராண்டுக்குப் போகிறதென்றால், காய்ந்தது 1,000 ராண்டுக்கு மேல் போனால்தான் உலர்த்தியதில் அர்த்தம். அந்த விலையோடு போய் நிற்கும் இடத்தில், உலகிலேயே அதிகம் காளான் விளைவிக்கும் சீனாவின் சரக்கு ஏற்கெனவே இருக்கிறது. வெயிலில் காயவைப்பதும் டர்பன் ஈரக்காற்றில் நம்பத்தக்கதல்ல. ஈரம் 12 சதவீதத்துக்குள் வர உலர்த்தி வேண்டும், மின்சாரம் வேண்டும்.

ஒரு வெளிநாட்டு வியாபாரி என்னிடம் மாதிரி வாங்கிப் பார்த்துவிட்டு, மாதம் ஒரு டன் காய்ந்த காளான் கேட்டார். பைக்கு ஒரு கிலோ பச்சை என்று வைத்தாலும் மாதம் பத்தாயிரம் பை. என்னிடம் அப்போது இருந்தது முந்நூறு பை. சார்ஸ் என்ற தென்னாப்பிரிக்க வரித்துறையில் ஏற்றுமதியாளராகப் பதிவு, வாங்கும் நாடு கேட்கும் தாவர நலச் சான்றிதழ், ஆய்வு எல்லாம் அதற்கப்புறம்தான்.

வெளிநாடு என்றால் துபாயும் லண்டனும்தான் என்றில்லை. எஸ்வாட்டினி, லெசோத்தோ, போட்ஸ்வானா, நமீபியா நம்மோடு ஒரே சுங்க ஒன்றியத்தில் இருக்கின்றன. என்2 சாலையில் வடக்கே போனால் எஸ்வாட்டினிக்குள் போகும் கோலேலா எல்லை. சுங்க வரி இல்லை, ஆனாலும் அந்த நாட்டின் இறக்குமதி அனுமதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஏற்றுமதி பழக விரும்புபவருக்கு நான் முதலில் காட்டுவது இந்த வழியைத்தான்.

உள்ளூரில் கிளேர்வுட் மொத்த மார்க்கெட்டுக்குக் கொடுத்தால் வேலை சுலபம். ஏஜெண்டுக்கும் மார்க்கெட்டுக்கும் கமிஷன் போகும், அன்றைய விலையும் நம் கையில் இல்லை. சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் மேசை போட்டு விற்றால் நாள் முழுக்க நிற்க வேண்டும், ஆனால் முழு விலையும் நமக்கே. சிப்பியைப் பார்த்ததே இல்லை என்பவர்களுக்குப் பூண்டும் மிளகும் போட்டு வதக்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர்களே தேடி வந்தார்கள். மீந்ததை மட்டும் உலர்த்திப் பொடியாக்கி, சூப்புக்கும் ரசத்துக்கும் என்று விற்கிறேன்.

எங்கள் பெரிய சந்தை புரட்டாசி. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் தமிழ் பேசாத பிள்ளைகள்கூட அந்த மாதம் கறி, மீன் தொட மாட்டார்கள். காளான் பிரியாணிக்கு அப்போது நான் வளர்ப்பது போதுவதில்லை. செப்டம்பர் 17 வாக்கில் மாதம் பிறக்கிறது. பை போட்டதிலிருந்து முதல் பறிப்புக்கு நாலு வாரம். ஆகஸ்ட் குளிரில் பூஞ்சை படரத் தாமதமாகும், அதற்கு இன்னொரு வாரம். ஆகவே ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்குள் நூறு பையாவது விதை போட்டு அடுக்கியிருக்க வேண்டும்.